குழந்தையின் வாந்தியும் இரைப்பையின் வாயிலும்



பால் குடிக்கும் குழந்தை சிறிது கக்குவது இயல்பே. ஆயினும், எல்லா வாந்தியும் ஒன்றன்று. கண்ணேறு பட்டதென்று திருநீறு பூசியும், தொக்கம் எடுப்பவரை நாடியும், பால் மாவை மாற்றியும் சிலர் நாள்களைக் கடத்திவிடுகின்றனர். அதற்குள் குழந்தையின் உடல் வற்றிவிடுகிறது. இக்கேட்டைத் தவிர்க்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

உண்ட உணவு, இரைப்பையின் கடைக்கோடியிலுள்ள சிறு வாயில் வழியே சிறுகுடலுக்குச் செல்கிறது. அவ்வாயிலின் பெயர் பைலோரஸ். கிரேக்க மொழியில் 'வாயிற்காவலன்' என்பது அதன் பொருள். வளையம் போன்ற தசையே இக்காவலன். சில குழந்தைகளுக்குப் பிறந்த சில வாரங்களில் இத்தசை தடித்து, வழியை அடைத்துவிடுகிறது. 1887ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு மருத்துவர் ஹிர்ஷ்ஸ்பிரங் இந்நோயைத் தெளிவுற விளக்கினார். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு இது ஏறக்குறைய 4 மடங்கு மிகுதி. தலைப்பிள்ளைகளுக்கும், பெற்றோருக்கு இந்நோய் இருந்த குழந்தைகளுக்கும் கூடுதலாக வருகிறது.

வளர்ந்த பிள்ளைகளுக்கு வேறு காரணங்கள் உள. இரைப்பைப் புண் ஆறும்போது உண்டாகும் தழும்பு ஒன்று. ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் அமிலத்தைத் தண்ணீரென எண்ணிக் குடித்துவிடுதல் மற்றொன்று. உயிர் பிழைத்தாலும், சில வாரங்களில் தழும்பு சுருங்கி வாயில் அடைபடக்கூடும். ஆகவே, அமிலத்தைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைத்தல் ஒருபோதும் ஆகாது.

பச்சிளங்குழந்தையிடம் தாய்மார் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, வேகம். பெரும்பாலும் 3 முதல் 6 வாரங்களுக்குள், குடித்த பால் பீறிட்டுத் தொலைவில் விழும். இரண்டாவது, நிறம். பித்தநீர் இவ்வாயிலுக்கு அப்பால்தான் குடலில் சேர்கிறது. எனவே, வாந்தி பாலாகவோ தயிர் போன்றோ இருக்கும். பச்சை நிறமாயின் குடல் முறுக்காக இருக்கலாம். அப்போது ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. மூன்றாவது, பசி. வாந்தி எடுத்தவுடன் குழந்தை மீண்டும் பாலுக்கு அழும். ஆனால் எடை ஏறாது, சிறுநீரும் குறையும்.

மருத்துவர் குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். மேல்வயிற்றின் வலப்புறத்தில் சிறு உருண்டை தட்டுப்படலாம். 'ஸ்கேன்' எனப்படும் ஒலியலைப் படத்தில் அத்தசை 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருப்பின் நோய் பெரும்பாலும் உறுதியாகிறது. வாந்தியால் இழந்த உப்புகளின் அளவை இரத்தப் பரிசோதனை காட்டும். முதலில் நரம்பு வழியே நீரும் உப்பும் ஏற்றி உடலைச் சீராக்குவர். அதன் பின்னரே அறுவை மருத்துவம். 1912ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் ராம்ஸ்டெட் வெளியிட்ட முறைப்படி, தடித்த தசையை மட்டும் கீறி விடுகின்றனர். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் குழந்தை பால் குடிக்கத் தொடங்கும்.

நானறிந்த சிறுவன் ஒருவன் 5 வாரக் குழந்தையாயிருந்தபோது இச்சிகிச்சை பெற்றான். "இன்னும் இரண்டு நாள் பார்ப்போம்" என்று வீட்டார் தடுத்தும், அவன் தாய் கேளாமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றாள். இன்று அவன் ஓட்டப் பந்தயத்தில் முந்துகிறான்.

ஆகவே, பெற்றோர்களே! திருநீறு பூசுவதைத் தடுப்பாரில்லை. ஆனால், பூசிய கையோடு குழந்தையையும் அதன் எடை குறித்த புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் விரைந்து செல்லுங்கள்.