வாங்கிய பொருளுக்கு எஜமானர் யார்?

விலை கொடுத்து வாங்கிய பொருள் வாங்கினவனுக்கே சொந்தம் என்பது சந்தை தோன்றிய நாள் முதல் ஜனங்கள் ஒப்புக்கொண்ட நியாயம். மாடு வாங்கினவன் அதற்கு லாடம் அடிக்க விற்றவனிடம் உத்தரவு கேட்பதில்லை. சைக்கிள் வாங்கினவன் தெருக்கோடிக் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொள்கிறான். ஆனால் இன்று ஏழை, செல்வர் என்னும் பேதமின்றி எல்லோரும் சட்டைப் பையில் வைத்திருக்கும் ஸ்மார்ட்போன் விஷயத்தில் இந்நியாயம் தலைகீழாக நிற்கிறது. பணம் நம்முடையது, அதிகாரம் கம்பெனியுடையது.

இவ்வதிகாரம் மூன்று வழிகளில் செலுத்தப்படுகிறது. முதலாவது, பாட்டரியை உள்ளே பசையிட்டு ஒட்டிவிடுவது. இரண்டாவது, ஒவ்வொரு பாகத்தையும் அதன் எண்ணைக் கொண்டு அந்தந்தக் கருவியோடு பிணைத்து, வேறொரு போனிலிருந்து எடுத்த அசல் பாகத்தைப் பொருத்தினாலும் சரியாக இயங்காதபடி செய்வது. மூன்றாவது, சில ஆண்டுகளில் மென்பொருள் அப்டேட்டை நிறுத்திவிடுவது. இம்மூன்றாவதே மிகக் கொடியது. திரை உடையவில்லை, ஒலி குறையவில்லை, எனினும் பாதுகாப்பு அப்டேட் நின்றதும் திருடருக்குக் கதவு திறக்கிறது, நாளடைவில் பாங்குச் செயலிகளும் இயங்க மறுக்கின்றன. உயிரோடிருக்கும் யந்திரத்திற்கு மரணச் சீட்டு எழுதப்படுகிறது.

இது வீண் சந்தேகமன்று. பாட்டரி தேய்ந்த சில ஐபோன்களின் வேகத்தை மென்பொருளின் மூலம் தானே குறைத்து வந்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் கம்பெனி ஒப்புக்கொண்டது. போன் திடீரென்று அணைந்துபோவதைத் தடுக்கவே அவ்வாறு செய்ததாகச் சமாதானமும் கூறிற்று. அது மெய்யாகவே இருக்கட்டும். உடையவனிடம் சொல்லாமல் செய்வானேன்? பாட்டரி மாற்றினால் தீரும் குறை என்று அறியாதவன் புதிய போன் வாங்க ஓடினால் லாபம் யாருக்கு? கண்டனம் எழுந்த பின்னரே மாற்று பாட்டரியின் கட்டணம் 79 டாலரிலிருந்து 29 டாலராக இறங்கியது. வாங்கினவர்களுக்கு அறிவிக்காத குற்றத்திற்காக 2020 பிப்ரவரியில் பிரான்ஸ் தேசத்து அதிகாரிகள் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தார்கள்.

பிற தேசத்தார் வாளாவிருக்கவில்லை. பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்பதற்குப் பத்துக்கு இத்தனை என மதிப்பெண் காட்டும் முறையை பிரான்ஸ் 2021 ஜனவரியில் கொண்டு வந்தது. அமெரிக்காவின் ஆரிகன் ராஜ்யம் பாகங்களைப் பிணைக்கும் தந்திரத்தை 2024-ல் சட்டத்தால் தடுத்தது. ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் 20-ல் அமுலுக்கு வந்த விதிகளின்படி, 800 முறை சார்ஜ் ஆன பின்னும் பாட்டரி தன் ஆதி சக்தியில் 80 சதவீதத்தையேனும் தாங்க வேண்டும். விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகள் முக்கிய உதிரி பாகங்கள் கிடைக்க வேண்டும். இவையெல்லாம் சாத்தியமில்லை என்போர், 2023-ல் கூகிள் தன் பிக்சல் 8 போனுக்கும், 2024-ல் சாம்சங் தன் கேலக்ஸி எஸ் 24 போனுக்கும் 7 ஆண்டு அப்டேட் வாக்களித்ததைக் கவனிக்க. மனமிருந்தால் கம்பெனிகளால் முடியும். வற்புறுத்துவோர் இருந்தால் மனமும் உண்டாகும்.

நம் நிலை என்ன? மத்திய சர்க்கார் 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமையை ஆராயக் கமிட்டி நியமித்து, டிசம்பர் 24-ல் ஓர் இணையதளத்தையும் திறந்தார்கள். ஆரம்பம் நன்று. ஆயினும் தகவல் தருவது வேறு, கட்டாயப்படுத்துவது வேறு, இணையதளம் சட்டமாகாது. ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா போன்களும், 2019 முதல் ஐபோன்களும் நமது பெண்களின் கைகளாலேயே பூட்டப்பட்டன. சென்னை ரிச்சி தெருவின் தொழிலாளிகள் பள்ளிக்கூடம் போகாமலே இவ்வித்தையில் தேர்ந்தவர்கள். பூட்டுவதற்குத் தகுதியுள்ள கை திறப்பதற்குத் தகுதியற்றதென்றால் அதை எப்படிச் சகிப்பது? உள்நாட்டில் செய்ததனால் மட்டும் ஒரு பொருள் சுதேசியாகிவிடாது; அதைச் செப்பனிடும் உரிமையும் நம்மிடம் இருக்க வேண்டும்.

சட்டம் வரும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. போன் வாங்குமுன் காமிராவின் பெருமையைக் கேட்பதற்கு முன்பாக, எந்த ஆண்டு வரை பாதுகாப்பு அப்டேட் தருவீர், பாட்டரி மாற்ற என்ன கட்டணம் என்று கேளுங்கள். பதில் சொல்லாத கடையில் வாங்காதீர்கள். பாட்டரிக்குச் சத்துரு வெப்பம். ஆதலால் வெயிலில் நிற்கும் காரிலும், தலையணைக்கடியிலும் வைத்து சார்ஜ் செய்யாதீர்கள். முற்றும் தீரும்வரை விடாமல், 20 சதவீதத்திற்கும் 80 சதவீதத்திற்கும் இடையே வைத்திருந்தால் ஆயுள் நீளும். போன் மந்தமானால் புதிது தேடுமுன், நினைவகம் நிரம்பியிருக்கிறதா, பாட்டரி தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பழுதுக்குக் கொடுக்குமுன் படங்களையும் கணக்குகளையும் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

இவை தனி மனிதர் செய்யக்கூடியவை. பொதுக் காரியத்தில் ஈடுபட்டோர்க்கு இன்னொரு கடமை உண்டு. வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொரு அபேக்ஷகரிடமும், உதிரி பாகமும் அப்டேட்டும் இத்தனை ஆண்டு தந்தே தீரவேண்டும் என்னும் சட்டத்தை ஆதரிப்பீரா என்று கேட்க வேண்டும். சிறிய விஷயமென்று நகைப்போர் நகைக்கட்டும். தன் சட்டைப் பையிலுள்ள பொருளுக்கே எஜமானனாக இல்லாதவன் தேசத்திற்கு எஜமானன் என்று சொல்லிக்கொள்வது எங்ஙனம்?