பிழிந்த பிறகு சமைப்பது

அரை கிலோ கேரட்டைப் பிழிந்தால் ஒரு டம்ளர் சாறு வருகிறது. ஜூஸரின் இன்னொரு வாயில் கிண்ணம் நிறையச் சக்கை விழுகிறது. ஆப்பிள், பீட்ரூட், கேரட் சேர்த்த ‘ஏபிசி ஜூஸ்’ பழக்கமாகிவிட்ட வீடுகளில் காலை ஏழு மணிக்கு இந்தக் கிண்ணத்தோடுதான் தகராறு. காசு கொடுத்து வாங்கியதைக் கொட்ட மனசு வராது. வெளியே வைத்தால் மத்தியானத்துக்குள் கறுத்துவிடும்.

நானும் முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். தேங்காய்ப்பூ தூவி, கேரட் சக்கையில் பொரியல். வாயில் போட்டால் பஞ்சு. அதில் தவறும் இல்லை. இனிப்பும் மணமும் ஈரமும் சாற்றோடு போய்விட்டன. தங்கியது பெரும்பாலும் நார். அதைக் காயாக நினைத்துப் பொரியல் செய்தால் ஏமாற்றம்தான்.

பிறகு ஒரு நாள் முள்ளங்கிப் பராத்தாவுக்குத் துருவி, உப்புப் போட்டு, கை வலிக்கப் பிழிந்துகொண்டிருந்தபோதுதான் உறைத்தது. நம் சமையலில் எத்தனை பண்டங்களுக்கு நாமே காயைப் பிழிந்து நீரைக் கொட்டுகிறோம்! கோஃப்தாவுக்குச் சுரைக்காய், பராத்தாவுக்கு முள்ளங்கி, வடகத்துக்குப் பூசணி. ஜூஸர் அந்த வேலையை முன்கூட்டியே முடித்துவைக்கிறது. அப்படிப்பட்ட பண்டத்தைத் தேடிப் போனால் சக்கை குறையாகத் தெரியாது.

இதற்கு என் கையில் உள்ள நல்ல சாட்சி காசி அல்வா. வெண்பூசணியைத் துருவிப் பிழிந்து, பிழிந்த நீரிலேயே வேகவைத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிளறுவது அது. இப்போது காலை நடைக்குப் போகிறவர்கள் பலர் வெறும் வயிற்றில் வெண்பூசணிச் சாறு குடிக்கிறார்கள். அவர்கள் வீட்டில் மிஞ்சுவது அல்வாவின் முதல் கட்டம்! சாறு வயிற்றுக்குள் போய்விட்டதால் பாலில் வேகவைக்க வேண்டும், அவ்வளவே. தோலையும் விதையையும் பிழிவதற்கு முன்பே நீக்கியிருக்க வேண்டும். இஞ்சி, எலுமிச்சை சேர்ப்பவர்கள் அவற்றைக் கடைசியில் தனியாகப் பிழியுங்கள். இஞ்சி வாடை அடிக்கும் அல்வாவை யாரும் இரண்டாவது கரண்டி கேட்பதில்லை.

பீட்ரூட் சக்கைக்குக் கட்லெட். துருவிய பீட்ரூட் உருளைக்கிழங்கோடு சேர்ந்ததும் நீர் விட்டு மாவைக் குழைத்துவிடும். சக்கை அந்தத் தொல்லை தராது. வடைக்கும் அடைக்கும் போடலாம், ஆனால் அளவு முக்கியம். ஆசையில் கடலைப்பருப்பு மாவுக்குச் சமமாகக் கேரட் சக்கையைக் கொட்டினேன். வடை எண்ணெயில் பிரிந்து தூளாக மிதந்தது. பிடித்து நிறுத்தும் பசை சக்கையில் இல்லை. மூன்று பங்கு மாவுக்கு ஒரு பங்கு போதும். கேரட்டுக்கு ஆரஞ்சு நிறம் தரும் கரோட்டின் கொழுப்பில்தான் கரையும், நீரில் கரையாது. அதில் கணிசமான பங்கு சக்கையிலேயே தங்கிவிடுவதால், அடைக்குச் சுற்றிலும் விடும் எண்ணெய் வீண் இல்லை. நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னதும் இந்தக் கிண்ணத்துக்குச் சாதகம்.

சாறு எடுத்தது மிக்ஸியிலா ஜூஸரிலா என்பதையும் பாருங்கள். மிக்ஸியில் அடித்து வடிகட்டிய திப்பியில் ஈரம் நிறைய இருக்கும். துணியில் கட்டி இன்னொரு முறை பிழிந்தால்தான் மேலே சொன்னதெல்லாம் நடக்கும்.

திருநெல்வேலிக்காரர்களுக்குத் திப்பி புதிதில்லை. சொதிக்கு முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று எடுத்த பிறகு தேங்காயில் என்ன மிஞ்சும்? அதை வெறும் வாணலியில் சிவக்க வறுத்து, மிளகாய் வற்றல், உளுந்து, துளி புளி, பெருங்காயம், உப்பு சேர்த்துப் பொடித்தால் சோற்றுக்குப் பொடி. போன ருசியை வறுபடும் வாசனை ஈடுகட்டிவிடுகிறது.

நெல்லிக்காய் சமர்த்து. எவ்வளவு பிழிந்தாலும் புளிப்பைக் கொஞ்சம் வைத்துக்கொள்ளும். அந்தச் சக்கையைப் பச்சை மிளகாய், தேங்காய், கொத்தமல்லியோடு அரைத்தால் புளி போடாத துவையல். உப்பும் ஓமமும் பிசறி வெயிலில் காயவைத்தால் பஸ் பயணத்துக்கு வாயில் அடக்கிக்கொள்ளலாம். அன்னாசிச் சக்கையை ரசத்தில் கொதிக்கவிட்டு வடிகட்டிவிடுங்கள், மணம் இறங்கியிருக்கும்.

அன்றைக்கே சமைக்க முடியாவிட்டால் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு பிசறி, மூடி, ஃபிரிட்ஜில் மறுநாள் வரை. அதற்கு மேல் என்றால் ஃப்ரீசர்தான்.

வாழைத்தண்டுச் சக்கை பல்லிடுக்கில் நூல் கோக்கும், விட்டுவிடலாம். அருகம்புல் சக்கையைச் சப்பாத்தி மாவில் பிசைந்து பார்த்தேன். வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை, சாப்பிடவும் இல்லை. இப்போது அது நேராகக் கறிவேப்பிலைச் செடிக்குப் போகிறது.