பை முதலில் எங்கே பிய்யும்?

தெருமுனையில் செருப்பு, குடை, பை தைத்துக் கொடுப்பவரிடம் வந்து சேரும் முதுகுப்பைகளைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். நடுத்துணி கிழிந்து வருவது அபூர்வம். ஜிப் மூடுகிறது, மூடின கையோடு பின்னால் பிளந்துகொள்கிறது. தோள்வார், பையோடு சேருகிற இடத்தில் நூல் விட்டுத் தொங்குகிறது. உள்ளே கையை விட்டால் பூச்சு உரிந்து விரலில் ஒட்டுகிறது. பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான். நாம் கடையில் பார்ப்பதோ வேறு: என்ன நிறம், எத்தனை அறை, போன் சார்ஜ் போட ஓட்டை இருக்கிறதா. (அந்த ஓட்டைக்குள் இருப்பது வெறும் வயர். பவர் பேங்க் நாம்தான் வாங்கிப் போட வேண்டும். மழை நாளில் தண்ணீர் இறங்க இன்னொரு வழி, அவ்வளவுதான்.)

பை வாங்கப் போகிறவர் அதை ரிப்பேர் செய்கிறவரின் கண்ணோடு போவதே நல்லது.

முதலில் ஜிப். அதன் ரன்னரைத் திருப்பி முதுகுப்பக்கம் பாருங்கள். நல்ல ஜிப்பாக இருந்தால் பெரும்பாலும் 3, 5, 8, 10 என்று ஏதாவது ஓர் எண் இருக்கும். மூடிய நிலையில் பல்வரிசையின் அகலம் ஏறக்குறைய அத்தனை மில்லிமீட்டர் என்று அர்த்தம். பேனா, பர்ஸ் வைக்கிற முன்னறைக்கு 5 தாராளம். லேப்டாப்பும் டிபனும் போகிற பெரிய அறைக்கு 8 அல்லது 10 இருந்தால் கவலை இல்லை. உலகத்தில் அதிகம் நம்பப்படும் ஜிப், 1934-ல் டோக்கியோவில் டடாவோ யோஷிடா தொடங்கிய ஒய்.கே.கே. நிறுவனத்துடையது. அந்த மூன்று எழுத்தைப் பார்த்ததும் மயங்கிவிட வேண்டாம், போலியும் உண்டு. இழுத்துப் பார்ப்பதே சோதனை. அதுவும் பையை நிரப்பிவிட்டு, வளைவு திரும்புகிற மூலையில், ஒரே கையால். அங்கே தயங்காமல் ஓடினால் சரி. உள்துணியின் விளிம்பு பல்லுக்குப் பக்கத்தில் தளர்ந்து கிடந்தால் அது ஒருநாள் சிக்கும். சிக்கினதை அவசரத்தில் வெடுக்கென்று இழுப்போம். கதை அங்கே முடியும்.

ஜிப் பிளந்தால் பல் போய்விட்டது என்று நினைத்துப் பையையே தூக்கிப் போடுகிறவர்கள் நிறைய. அநேகமாகப் பல் நன்றாகத்தான் இருக்கும். ரன்னரின் வாய் தேய்ந்து அகண்டிருக்கும், அவ்வளவுதான். குறட்டால் இரண்டு பக்கமும் மெதுவாக அழுத்தினால் கொஞ்ச காலம் ஓடும். ரன்னரையே மாற்றிவிட்டால் பழையபடி ஆகிவிடும். இறுக்கமான ஜிப்பில் மெழுகுவத்தியைத் தேய்த்து ஓட்டுவது நம் வீடுகளில் எப்போதும் உள்ள வைத்தியம், இன்றும் பலிக்கிறது.

அடுத்தது தோள்வார். பையின் ஆயுளைத் தீர்மானிப்பது இதுதான் என்பேன். கம்பெனிக்காரர் இரண்டு தோளிலும் மாட்டுவதாக நினைத்துப் பையைச் செய்கிறார். நாம் ஐந்து கிலோ பையை ஒரே வாரில் பிடித்து, ஓடுகிற பஸ்ஸின் படிக்கட்டில் நின்றுகொண்டு, சுண்டி இழுத்துத் தூக்குகிறோம். முழு எடையும், அதற்கு மேல் அந்தச் சுண்டலும், இரண்டு அங்குலத் தையலில் விழுகிறது. அதனால் பையைத் திறந்து, வாரின் மேல்முனை உள்பக்கம் எப்படி முடிகிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒரே ஒரு கோடாகத் தையல் ஓடியிருந்தால் அந்தப் பை வேண்டாம். சதுரம் போட்டு நடுவில் பெருக்கல் குறி போலத் தைத்திருந்தாலோ, நெருக்கமாக முன்னும் பின்னும் போன தடித்த தையல் கட்டை இருந்தாலோ நம்பலாம். தையலுக்குப் பின்னால் இன்னொரு துண்டுத் துணி கொடுத்திருந்தால் மிக நல்லது. கீழ்முனையையும் பாருங்கள். நாடா பையோடு சேரும் இடத்தில் முக்கோணத் துண்டு வைத்துத் தைத்திருக்க வேண்டும். நாடா ஓடுகிற பிளாஸ்டிக் பக்கிளைச் சோதிக்க, பையில் எடை போட்டு மாட்டிக்கொண்டு நாலு முறை குதித்துப் பாருங்கள். நாடா வழுக்கி நீண்டால், தினமும் வழியில் நின்று இழுத்துவிட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

வாருக்குள் இருக்கும் ஸ்பாஞ்ச் விஷயத்தில் ஏமாறாதவர் குறைவு. கடையில் மெத்தென்று இருப்பது சில மாதத்தில் அப்பளமாகிவிடும். கட்டைவிரலால் நன்றாக அழுத்துங்கள். அந்தப் பக்கத்தில் வைத்த விரல் தட்டுப்பட்டால் அது மட்டமான ஸ்பாஞ்ச். கொஞ்சம் விறைப்பாக எதிர்த்து, விட்டதும் உடனே எழும்புவதுதான் உழைக்கும். வார் ஆறேழு சென்டிமீட்டர் அகலமாவது இருந்தால் தோளில் கோடு விழாது.

உள்ளூர்த் தயாரிப்புப் பைகளைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. துணியும் ஜிப்பும் நன்றாக இருந்து, வார்த் தையல் மட்டும் சுமாராக இருந்தால் தாராளமாக வாங்கலாம். புதுச் செருப்பை வாங்கின கையோடு சுற்றித் தைத்து வாங்கிக்கொள்வது போல, பையின் நாலு முனையையும் தடித்த நைலான் நூலால் ஒருமுறை தைத்து வாங்கிவிட்டால் விலையுயர்ந்த பைக்கு அது சளைக்காது.

துணிக்கு வருவோம். சீட்டில் 600டி, 1680டி என்றெல்லாம் போட்டிருப்பார்கள். டி என்றால் டெனியர். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ, அதுவே டெனியர். 600டி என்பது அத்தனை நீள நூல் 600 கிராம் எடை உள்ள துணி. எண் கூடினால் நூல் தடிமன், துணியும் கனம். தினசரிப் பைக்கு 600 போதும். உரசலைத் தாங்குவதில் நைலானுக்கு முதலிடம்; வெயிலைத் தாங்குவதில் பாலியஸ்டர் மேல். பைக்கிலேயே வெயிலில் அலைகிறவருக்குப் பாலியஸ்டர் குறைச்சல் இல்லை.

நம் ஊரில் துணியைவிட முந்திக்கொண்டு போவது அதன் உள்பக்கப் பூச்சு. தண்ணீர் புகாமலிருக்கப் பாலியூரித்தேன் பூசியிருப்பார்கள். உஷ்ணமும் காற்றின் ஈரமும் சேர்ந்தால் அது மெல்ல மெல்லச் சிதையும். முதலில் பிசுபிசுப்பு, பிறகு ஒரு புளித்த வாடை, அப்புறம் செதில் செதிலாக உதிரல். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் சொல்லவே வேண்டாம். இதில் வேடிக்கை, அன்றாடம் தூக்குகிற பை மட்டுமல்ல, நல்ல பை என்று பாலிதீன் கவரில் சுற்றிப் பரணில் போட்டு வைத்ததும் தப்புவதில்லை. இரண்டு மழைக்காலம் கழித்து எடுத்தால் உள்ளே ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஆகவே பையை வாங்கினால் தூக்குங்கள், சேர்த்து வைக்காதீர்கள். தள்ளுபடிக் குவியலில் பொறுக்கும்போது உள்ளே மூக்கை விட்டு மோந்து பாருங்கள். புளித்த வாடை வந்தால் அது பழைய சரக்கு. வாஷிங் மெஷினும் சுடுதண்ணீரும் இந்தப் பூச்சுக்கு எமன். வாளியில் அலசி, தலைகீழாக நிழலில் தொங்கவிட்டால் போதும்.

எடைக் கணக்கு ஒன்று போடலாம். லேப்டாப்பும் சார்ஜரும் சுமார் 2.2 கிலோ, ஸ்டீல் பாட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீர் 1.3, டிபன் 800 கிராம், குடை 300, காலிப் பை 900. மொத்தம் ஐந்தரைக் கிலோ. பிள்ளைகளுக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை கனக்கக் கூடாது என்கிறது மத்திய அரசின் 2020 பள்ளிப் பைக் கொள்கை. இந்தப் பேச்சு டெல்லியில் சூடுபிடித்ததற்குச் சென்னையில் பிறந்த எழுத்தாளர் ஆர்.கே.நாராயண் ஒரு காரணம். நியமன எம்.பி.யாக இருந்த அவர் 1989-ல் மாநிலங்களவையில் பேசியது பிள்ளைகளின் புத்தகச் சுமையைப் பற்றித்தான். அதைத் தொடர்ந்து அமைந்த யஷ்பால் குழு 1993-ல் அறிக்கை கொடுத்தது. அந்தப் பத்தில் ஒரு பங்கு அளவுகோலைப் பெரியவர்களுக்கு வைத்துப் பார்த்தாலும் ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பெண், ஆபீஸ் பையில் வரம்பைத் தாண்டிவிடுகிறார். அதனால் முப்பது லிட்டர் பையைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். இடம் இருந்தால் சாமான் சேரும். இருபது, இருபத்திரண்டு லிட்டர் ஆபீஸுக்கு யதேஷ்டம்.

சுமை முதுகை ஒட்டி, இடுப்புக்குக் கீழே தொங்காமல் இருந்தால் பாதிக் களைப்பு குறையும். ஸ்வீடனின் ஃபியால்ராவென் நிறுவனம் 1978-ல் கான்கென் என்ற பெட்டி வடிவப் பையைப் பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கொண்டுவந்தது. ஒற்றைத் தோள் பையால் முதுகுவலி என்ற புகார்தான் காரணம். முதுகோடு ஒட்டி உயரத்தில் உட்காரும் வடிவம் அது. வாரில் ஸ்பாஞ்ச் கிடையாது, மெல்லிய பட்டைதான். புத்தகத்துக்குச் சரி, லேப்டாப் சுமக்கத் தோள் கேட்காது.

ஸ்கூட்டரில் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். நீளமான பை சீட்டில் இடித்து மேலே ஏறி, பிடரியில் முட்டும், வார் காதுவரை தூக்கிக்கொள்ளும். முடிந்தால் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும் வண்டியில் உட்கார்ந்து பாருங்கள். நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு சின்ன பக்கிள் இருந்தால் திருப்பங்களில் பை ஆடாது. மழைக்கு உறை கொடுக்கிறார்கள், நல்லது. ஆனால் அது முதுகுப்பக்கத்தை மூடாது. ரெயின்கோட்டில் வழிகிற தண்ணீர் முதுகுக்கும் பைக்கும் நடுவில் இறங்கி, நேராக லேப்டாப் அறைக்குத்தான் போகும். ஐப்பசி, கார்த்திகையில் லேப்டாப்பை ஒரு தடித்த பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு வையுங்கள்.

லேப்டாப் அறையின் அடிப்பகுதிக்குள் கையை விட்டுக் குத்திப் பாருங்கள். நல்ல பையில் அது தரையைத் தொடாமல் இரண்டு விரற்கடை மேலே தொங்கும். தரையைத் தொட்டால், பையை டேபிளுக்கு அடியில் தொப்பென்று போடும் ஒவ்வொரு முறையும் லேப்டாப்பின் மூலைதான் அடி வாங்கும். இதைப் பார்க்காமல் மட்டும் வாங்காதீர்கள்.

விலை? எம்.ஆர்.பி. 3,500, உங்களுக்கு 1,200 என்றால் அந்தப் பையின் மதிப்பு 1,200-தான். அடித்துப்போட்ட எண்ணைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. என் கணக்கில் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறுக்குள் மேலே சொன்ன எல்லாமே கிடைத்துவிடும். ஐந்நூறுக்குக் கீழே இவற்றை எதிர்பார்ப்பது நியாயமில்லை. மூவாயிரத்தைத் தாண்டினால் பெரும்பாலும் பேருக்குத்தான் பணம். கடைக்குப் போகும்போது உங்கள் லேப்டாப், டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டிலைக் கையோடு கொண்டுபோய் உள்ளே போட்டு, மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் நடந்து பாருங்கள். வாங்கினதும் பில்லைப் போட்டோ எடுத்து வையுங்கள். மெஷினில் அடிக்கிற அந்தத் தாளில் எழுத்து சில மாதங்களில் வெளுத்துவிடும், வாரன்டியோ பில் இல்லாமல் கிடைக்காது.