ஒரு செட்டின் வெற்றி

டென்னிஸ் ஆட்டத்தில் ஒரு செட்டை வெல்பவர் இன்னாரென முன்னறிதல் கூடுமோ எனும் வினா பழமையானது. பாஸல் நகரத்துக் கணிதப் பேராசிரியர் ஜேக்கப் பெர்னூலி, டென்னிஸுக்கு முன்னோடியாகிய பழைய பந்தாட்டத்தைப் பற்றி இவ்வினாவை ஆராய்ந்து வரைந்த கடிதம், அவர் காலஞ்சென்றபின் 1713-ஆம் ஆண்டு அவரது பெருநூலுடன் வெளிவந்தது.

நான்கு புள்ளிகள் பெறுபவர்க்கு ஒரு கேம். ஆறு கேம்கள் பெறுபவர்க்கு ஒரு செட். இரண்டிலும் எதிரியினும் இரண்டு மிகுந்திருத்தல் வேண்டும். கேம்கள் ஆறுக்கு ஆறு எனச் சமமாயின் டை-பிரேக்கர் முடிவு செய்யும். எவர் சர்வீஸ் செய்யினும் நூறு புள்ளிகளில் 55 வெல்லும் திறமுடைய ஒருவரை நாம் கொள்வோமாக. அவர் நூறு கேம்களில் ஏறக்குறைய 62-உம், நூறு செட்டுகளில் 80-க்குச் சற்று மேலும் வெல்வாரெனக் கணக்கு காட்டுகின்றது. சிறுதுளி பெருவெள்ளமாதல் போலச் சிற்றுயர்வு படிதோறும் பெருகுகின்றது.

எனினும், எஞ்சிய செட்டுகள் வலிகுறைந்தவர்க்கே உரியனவன்றோ? மேலும், புள்ளிகளின் தொகையினும் அவை வந்து வாய்க்கும் வேளை பெரிது. 2019-ஆம் ஆண்டு விம்பிள்டன் இறுதிப் போட்டியில் பெடரர் 218 புள்ளிகளும் ஜோகோவிச் 204 புள்ளிகளும் பெற்றனர். இரண்டாம் செட்டைப் பெடரர் 6–1 என எளிதில் வென்றார். ஆயினும், மூன்று செட்டுகளை டை-பிரேக்கரில் கைப்பற்றிய ஜோகோவிச்சே வாகை சூடினார்.

ஆதலின், கணக்கு நமக்கு உரைப்பது எவர் வெல்லக்கூடும் என்பதேயன்றி எவர் வெல்வர் என்பதன்று. ஒரே செட்டை ஆடச்செய்து அணிக்கு ஆள் தெரிந்தெடுப்போர் இதனை நினைவிற் கொள்ளுதல் நலம். ஒரு செட்டின் தோல்வி கொண்டு ஒருவரது திறத்தை அளத்தல் முறையன்று என்பதே எமது துணிபு.