"ஒரு மடக்குதாம்லே..!" - தூத்துக்குடி டீன் ஏஜ் பிள்ளைகளும் முதல் கிளாஸும்... பெற்றோர் கவனத்துக்கு!

முத்துக்குளிக்கக் கடலுக்குள் இறங்குபவர், படகில் நின்று கயிறு பிடிக்கும் வேலையைத் தன் மச்சானிடம்தான் கொடுப்பாராம். கூடப்பிறந்தவளின் தாலியை நினைத்தாவது மச்சான் கவனமாக இருப்பார் என்ற நம்பிக்கை! தூத்துக்குடி கடற்கரையில் பெரியவர்கள் இன்றும் சொல்லும் கதை இது. கயிறு அசைந்த அடுத்த நொடி மேலே இழுத்தாக வேண்டும். பிடிப்பவர் கொஞ்சம் தடுமாறினாலும் கீழே இருப்பவர் உயிர் போய்விடும்.

முத்துக்குளிப்பு 1961-ம் ஆண்டோடு நின்றுபோனது. ஆனால், சங்கு குளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். விசைப்படகு, நாட்டுப்படகு, வ.உ.சி துறைமுகத்துக்கு ஓடும் கன்டெய்னர் லாரிகள், உப்பளங்கள் என இந்த ஊரின் பிழைப்பு எல்லாமே நிதானம் தவறாமல் பார்க்க வேண்டிய பிழைப்புதான். அந்த வேலைகளை எட்டிப் பார்க்கும் வயதில்தான் பிள்ளைகளைத் தேடி முதல் கிளாஸும் வருகிறது.

லீவும் தடைக்காலமும்!

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். பெரியவர்களுக்குக் கடல் வேலை இருக்காது. பிள்ளைகளுக்கோ முழுப்பரீட்சை லீவு. வலை பின்னும் இடத்திலும், படகுக்குப் பெயின்ட் அடிக்கும் இடத்திலும் கூடமாட நிற்கும் பையன் கையில் கொஞ்சம் காசும் புரளும்.

அப்புறம் கல்யாண வீடு, கோயில் கொடை, திருவிழா, துஷ்டி வீடு என்று வரிசையாகச் சந்தர்ப்பங்கள். "ஒரு மடக்குதாம்லே, ஒண்ணும் செய்யாது", "மீசை மொளைச்சிட்டுல்லா, இன்னும் என்ன பயம்?" என்று கிளாஸை நீட்டுபவர் பெரும்பாலும் வெளி ஆளாக இருக்க மாட்டார். கூட்டாளியாகவோ, சொந்தக்கார அண்ணனாகவோதான் இருப்பார். அதனால்தான் பையனால் சட்டென்று மறுக்க முடிவதில்லை.

இது கடற்கரைக்கு மட்டுமான பிரச்னை இல்லை. மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி, 2019-ல் வெளியான தேசிய ஆய்வின்படி, நாட்டில் 10 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 30 லட்சம் பேர் மது குடிக்கிறார்கள்.

15 வயது உடம்புக்குள் என்ன நடக்கிறது?

மனித மூளை முழுமையாக வளர்ந்து முடிய ஏறக்குறைய 25 வயதாகிவிடும். 'இது ஆபத்து, வேண்டாம்' என்று தடுக்கும் முன்மூளைப் பகுதிதான் கடைசியாக முதிர்கிறது. ஆனால், 'இன்னும் கொஞ்சம் வேண்டும்' என்று கேட்கும் பகுதி முன்னாலேயே விழித்துக்கொள்கிறது. பிரேக் சரியாகப் பொருத்தாத வண்டியில் ஆக்ஸிலேட்டரை முறுக்குவது போலத்தான் டீன் ஏஜ் குடி. நினைவாற்றல், படிப்பு, தூக்கம் எல்லாமே அடிவாங்கும்.

இன்னொன்று, எந்த வயதில் தொடங்குகிறார்கள் என்பது மிக முக்கியம். 20 வயதுக்கு மேல் குடிக்கத் தொடங்கியவர்களைவிட, 15 வயதுக்கு முன்பே தொடங்கியவர்கள் பிற்காலத்தில் குடிக்கு அடிமையாகும் வாய்ப்பு ஏறக்குறைய 4 மடங்கு அதிகம் என்று அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. முதல் கிளாஸைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடமும் பிள்ளைக்கு லாபம்தான்.

'பீர்தானே' என்ற சமாதானமும் செல்லாது. எந்த அளவு மதுவும் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது. கள்ளச்சாராயமாக இருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பம் என்ற மீனவக் குப்பத்தில் சாவு விழுந்தது மெத்தனால் கலந்த சாராயத்தால்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்ததற்கும் காரணம் அதே மெத்தனால்தான். உயிர் தப்பினாலும் கண் பார்வையைப் பறித்துவிடும் விஷம் அது.

காலையில் தெளிந்துவிடுமா?

30 மி.லி. பிராந்தியை அப்புறப்படுத்தவே கல்லீரலுக்குச் சுமார் ஒரு மணி நேரம் வேண்டும். ஒரு குவாட்டர், அதாவது 180 மி.லி. என்றால் ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகலாம். இரவு 11 மணிக்குக் குடித்துவிட்டு, காலை 5 மணிக்குப் படகேறினால் ரத்தத்தில் போதை மிச்சமிருக்கும். மோர், எலுமிச்சைச் சாறு, காபி, பச்சைத்தண்ணிக் குளியல் எதுவும் இதை வேகப்படுத்தாது.

குடித்துவிட்டுக் கடலில் குளிப்பது, குதிப்பது, மூழ்குவது மூன்றுமே உயிருக்கு உலை. மூச்சடக்கும் திறன் குறையும். உடம்புச் சூடு சீக்கிரம் இறங்கும். கரை எந்தப் பக்கம் என்பதே குழம்பும்.

வாங்கிக் கொடுப்பவருக்கு ஜெயில்!

தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவருக்கு மது விற்கக் கூடாது. 18 வயதுக்குட்பட்டவருக்கு மது கொடுத்தால், 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் பிரிவு 77-ன்படி 7 ஆண்டுகள் வரை கடுங்காவலும், 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். 'சும்மா விளையாட்டுக்கு' ஊற்றிக் கொடுக்கும் சித்தப்பாவுக்கும் இது பொருந்தும். 18 வயது நிறையாத பையன் பைக் ஓட்டிச் சிக்கினால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

வீட்டில் என்ன செய்யலாம்?

* பிள்ளையைக் கடைக்கு அனுப்பி சோடா, சிப்ஸ் வாங்கிவரச் சொல்லி வீட்டில் குடிக்காதீர்கள். முதல் பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

* மறுத்துப் பேசக் கற்றுக்கொடுங்கள். "எங்க அப்பா மோந்து பார்ப்பாரு, வேண்டாம்ணே" என்று பழியை உங்கள் மேல் போடச் சொல்லுங்கள். தப்பில்லை.

* 'எந்த நேரமானாலும் போன் பண்ணு, வந்து கூட்டிட்டு வாறேன். திட்டு காலையிலதான்' என்று உறுதி கொடுங்கள். பயந்துபோய் போதையில் பைக் எடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

* குடித்தது தெரிந்தால் அடிக்காதீர்கள். போதை தெளிந்த பிறகு, யார் கொடுத்தார்கள், எதனால் குடித்தான் என்று கேளுங்கள்.

* எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு மெதுவாகிறது, உடம்பு ஜில்லிடுகிறது என்றால் உடனே 108-ஐ அழையுங்கள். வாந்தி மூச்சுக்குழாயை அடைக்காமல் இருக்க ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தனியே விட்டுப் போகாதீர்கள்.

குடிப்பழக்கத்திலிருந்து மீள ஆலோசனைக்கு 14446, மனநல உதவிக்கு 14416, குழந்தைகள் உதவிக்கு 1098, கள்ளச்சாராயம் குறித்துத் தகவல் சொல்ல 10581 ஆகிய எண்களை அழைக்கலாம்.

கடலுக்குள் இறங்கியவருக்கு மேலே கயிறு பிடிக்க ஒரு மச்சான் இருந்தார். 15 வயதுப் பிள்ளைக்கு அப்பா, அம்மா, அண்ணன், சித்தப்பா, மாமா என்று எத்தனையோ கைகள் இருக்கின்றன. அந்தக் கைகளில் ஒன்றுதான் முதல் கிளாஸை நீட்டுகிறது என்பதுதான் வேதனை.