மைல்களால் கிடைக்கும் மேல்வகுப்பு ஆசனம்: விலை கொடுப்பவர் யார்?

கட்டுநாயக்கவிலிருந்து இலண்டனுக்கு இடைத்தரிப்பின்றிப் பறக்கும் விமானத்தில் ஏறத்தாழப் பதினொரு மணித்தியாலங்கள் அமர்ந்திருக்க வேண்டும். விமானம் ஒன்றுதான், வேகமும் ஒன்றுதான், அனைவரும் ஒரே நேரத்திலேயே தரையிறங்குவர். ஆயினும், திரைச்சீலைக்கு முன்னால் இருப்பவர் கால்நீட்டி உறங்கியவாறு செல்ல, பின்னால் இருப்பவர் முழங்கால் முன்னாசனத்தில் இடிபட விழித்தவாறு செல்கின்றார். முன்னால் இருப்பவர்கள் அனைவரும் அந்த ஆசனத்துக்குரிய முழுக் கட்டணத்தையும் செலுத்தியவர்கள் எனக் கருதிவிடக் கூடாது. அவர்களுட் சிலர் சாதாரண வகுப்புப் பயணச்சீட்டைப் பெற்று, தமது கணக்கிற் சேர்ந்திருந்த 'மைல்'களைக் கொடுத்து முன்வரிசைக்குச் சென்றவர்களாவர்.

அடிக்கடி பறக்கும் பயணிகளுக்காக விமான நிறுவனங்கள் நடத்தும் மைல் திட்டங்கள் இன்று நம்மவர்களுக்கும் புதியனவல்ல. புலம்பெயர்ந்த நாடுகளில் வாழும் உறவினரைப் பார்க்கச் செல்வோர், வியாபார நிமித்தம் சென்று வருவோர், உம்றா பயணம் மேற்கொள்வோர், மத்திய கிழக்கில் தொழில் புரிவோர் எனப் பலரும் ஏதாவதொரு திட்டத்தில் இணைந்துள்ளனர். எனினும், இதனை விமான நிறுவனம் மனமுவந்து அளிக்கும் அன்பளிப்பு எனக் கருதுவோரே அதிகம். ஒவ்வொரு மைலுக்கும் எங்கோ எவரோ முன்கூட்டியே பணம் செலுத்தியுள்ளார். செலுத்தியவரும் அனுபவிப்பவரும் ஒருவரேயா என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வியாகும்.

எப்படித் தோன்றியது?

அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டு வரை உள்நாட்டு விமானக் கட்டணங்களையும் பயண வழிகளையும் அரசாங்க சபையொன்றே தீர்மானித்து வந்தது. அவ்வாண்டு நிறைவேற்றப்பட்ட சட்டம் அக்கட்டுப்பாடுகளை நீக்குவதற்கு வழிவகுத்தது. போட்டி மூண்டது. ஒரே வகை விமானம், ஒரே பாதை, ஏறத்தாழ ஒரே கட்டணம் என்றிருக்கையில் பயணியைத் தம்மிடமே தக்கவைத்துக்கொள்வது எவ்வாறு என்ற சிக்கல் நிறுவனங்களுக்கு எழுந்தது. 1981 மே மாதத்தில் அமெரிக்கன் எயார்லைன்ஸ் தனது மைல் திட்டத்தை ஆரம்பித்தது. சில தினங்களிலேயே யுனைட்டட் நிறுவனம் அதனைப் பின்பற்றியது. பின்னர் அது உலகெங்கும் பரவியது. நமது ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸின் 'பிளைஸ்மைல்ஸ்', எமிரேட்ஸின் 'ஸ்கைவார்ட்ஸ்', சிங்கப்பூர் எயார்லைன்ஸின் 'கிறிஸ்பிளையர்' ஆகியன யாவும் அந்த விதையிலிருந்து முளைத்தவையே.

இத்திட்டம் முதன்மையாகக் குறிவைத்தது தொழில் நிமித்தம் பறப்பவரையே. அவரது பயணச்சீட்டுக்குப் பணம் செலுத்துவது அவருடைய நிறுவனம். எந்த விமானத்திற் செல்வது எனத் தெரிவு செய்வது பெரும்பாலும் அவர். தெரிவு செய்பவருக்குத் தனிப்பட்ட நன்மையொன்றைக் கொடுத்துவிட்டால், பணம் செலுத்துபவருக்குச் சற்று அதிகம் செலவானாலும் அவர் அதே விமான சேவையையே நாடுவார். திட்டத்தின் சூட்சுமம் இதுவேயாகும்.

ஆசனத்தை உயர்த்துவது எவ்வாறு?

சேர்ந்த மைல்களைக் கொண்டு இலவசப் பயணச்சீட்டும் பெறலாம். வாங்கிய பயணச்சீட்டின் வகுப்பையும் உயர்த்திக்கொள்ளலாம். இரண்டாவதையே இங்கு ஆசன உயர்வு என்கிறோம். இதிற் கவனிக்க வேண்டியவை சில உள்ளன.

முதலாவது, எல்லாப் பயணச்சீட்டுகளுக்கும் இவ்வசதி கிடையாது. சாதாரண வகுப்பு என்பது வெளிப்பார்வைக்கே ஒரு வகுப்பு. உள்ளே அது பல கட்டணப் படிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஓர் ஆங்கில எழுத்தினாற் குறிக்கப்படுகின்றது. மிக மலிவான படிகளில் வாங்கப்பட்ட சீட்டுகளை மைல்களால் உயர்த்துவதற்குப் பல நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. அனுமதித்தாலும் கூடுதல் மைல்களைக் கோருகின்றன. பயண முகவர் பெற்றுத்தரும் குழுக் கட்டணச் சீட்டுகளின் நிலையும் பெரும்பாலும் இதுவே.

இரண்டாவது, முன்வகுப்பில் ஆசனம் வெறுமையாக இருப்பதாலேயே அது மைல்களுக்குக் கிடைத்துவிடாது. பணத்துக்கு விற்க முடியாதெனத் தாம் கணிக்கும் ஆசனங்களையே நிறுவனம் இதற்கென ஒதுக்கும். அதனாற் பண்டிகைக் காலங்களிலும் பாடசாலை விடுமுறைகளிலும் இது அரிதாகிறது. காத்திருப்போர் பட்டியலிற் பெயரிருந்தால், உயர்தர அங்கத்தவர்களுக்கே முன்னுரிமை வழங்கப்படும்.

மூன்றாவது, ஒரு விமானத்தின் பயணச்சீட்டில் மற்றொரு நிறுவனத்தின் இலக்கம் பொறிக்கப்பட்டிருந்தால் ஆசன உயர்வு மறுக்கப்படக்கூடும். ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் 2014 மே மாதத்தில் 'வன்வேர்ல்ட்' கூட்டமைப்பில் இணைந்ததன் பின்னர், அதன் பங்காளி நிறுவனங்களிலும் மைல் சேர்க்கவும் செலவிடவும் முடிகிறது. ஆனால், சேர்ப்பதற்கு உள்ள இலகு ஆசனத்தை உயர்த்துவதற்கும் இருக்கும் என எதிர்பார்க்கலாகாது.

நான்காவது, இடைத்தரிப்புடன் கூடிய பயணத்தில் ஒவ்வொரு கட்டமும் தனித்தனியே கணக்கிடப்படுவதுண்டு. டுபாய் வழியாக இலண்டன் செல்பவர் கொழும்பு - டுபாய் கட்டத்தைச் சாதாரண வகுப்பிற் கழித்துவிட்டு, நீண்ட இரண்டாங் கட்டத்துக்கு மாத்திரம் மைல்களைச் செலவிடுவது விவேகமானது. ஒன்றரை மணித்தியாலத்துக்கும் குறைவான சென்னைப் பயணத்துக்கு மைல்களைக் கொடுத்து மேல்வகுப்பில் அமர்வது, பட்டாசு கொளுத்திக் குளிர்காய்வதற்கு ஒப்பாகும்.

இலவசத்தின் விலை

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு மிக மலிவான சாதாரண வகுப்புப் பயணச்சீட்டு 250,000 ரூபாவுக்குக் கிடைக்கிறது. ஆனால், மைல்களால் உயர்த்தக்கூடிய சீட்டின் விலை 310,000 ரூபா; அத்துடன் 50,000 மைல்களும் தேவை. அதே 50,000 மைல்களுக்கு, வரிகளும் மேலதிக அறவீடுகளும் போக 150,000 ரூபா பெறுமதியான இலவசச் சீட்டொன்றைப் பெற்றிருக்கலாம் என வைத்துக்கொண்டால், அவரது 'இலவச' ஆசன உயர்வின் உண்மை விலை 60,000 ரூபாவும் 150,000 ரூபாவுமாக 210,000 ரூபாவாகிறது. மலிவான சீட்டையே வாங்கி, நிறுவனம் ஏலத்திலோ விமான நிலையத்திலோ பணத்துக்கு வழங்கும் ஆசன உயர்வை 180,000 ரூபாவுக்குப் பெற்றிருப்பின் அவர் இலாபமடைந்திருப்பார். மைல்களும் கைவசம் இருந்திருக்கும். இவை விளக்கத்துக்காகக் கூறப்பட்ட எண்களே. எனினும், இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காது எவரும் மைல்களைக் கொடுத்துவிடக் கூடாது.

மைல்களைத் திரட்டுவதற்காகக் கடனட்டையைத் தேய்ப்பதிலும் இதே அவதானம் தேவை. மாத முடிவில் நிலுவை முழுவதையும் செலுத்தாதவர் கட்டும் வட்டி, அவர் பெறும் மைல்களின் பெறுமதியை விரைவிலேயே விழுங்கிவிடும். வட்டியை மார்க்கம் விலக்கியிருப்பதால் அதனைத் தவிர்ந்து வாழும் முஸ்லிம் வாசகர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஏனையோருக்கும் இது நட்டக் கணக்கே.

நிறுவனம் அச்சிடும் நாணயம்

விமான நிறுவனங்கள் இன்று மைல்களைப் பயணிகளுக்கு வழங்குவதோடு நில்லாது, வங்கிகளுக்கு மொத்தமாக விற்கவும் செய்கின்றன. வங்கிகள் அவற்றைத் தமது கடனட்டை வாடிக்கையாளருக்கு வழங்குகின்றன. அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் 2024இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கடனட்டை நிறுவனத்திடமிருந்து பெற்ற தொகை 7 பில்லியன் டொலருக்கும் அதிகமாகும். கொரோனாப் பேரிடரில் விமானங்கள் தரையில் முடங்கியபோது யுனைட்டட், டெல்டா, அமெரிக்கன் ஆகிய மூன்றும் கடன் பெறுவதற்கு ஈடாக வைத்தவை தமது மைல் திட்டங்களையே. 2020இல் டெல்டா 9 பில்லியன் டொலரையும், 2021இல் அமெரிக்கன் 10 பில்லியன் டொலரையும் இவ்வாறு திரட்டின.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? கடனட்டை மூலம் பணம் பெறும் ஒவ்வொரு வியாபாரியும் வங்கிக்குக் கட்டணம் செலுத்துகிறார். அக்கட்டணம் பொருளின் விலையில் மறைமுகமாகச் சேர்ந்துவிடுகிறது. அதே கடையிற் காசு கொடுத்து அரிசி வாங்கும் கூலித் தொழிலாளியும் அந்த விலையையே கொடுக்கிறார். மேல்வகுப்பு ஆசனத்தின் ஒரு சிறு துளியை விமானத்தையே காணாத ஒருவரும் செலுத்துகிறார் என்பது மிகையன்று.

மைல் ஒருவகை நாணயமெனில், அதன் பெறுமதியை நிர்ணயிக்கும் மத்திய வங்கியும் அந்த நிறுவனமே. நேற்று 40,000 மைல்களுக்குக் கிடைத்த ஆசனத்துக்கு நாளை 60,000 கேட்பதற்கு அதற்கு அதிகாரமுண்டு. டெல்டாவும் யுனைட்டடும் 2015இலும், அமெரிக்கன் 2016இலும் பறந்த தூரத்துக்குப் பதிலாகச் செலுத்திய பணத்துக்கேற்ப மைல்களை வழங்கத் தொடங்கின. பெயரளவில் மைலாக இருப்பது உண்மையிற் பணத்தின் நிழலாகிவிட்டது. மலிவுச் சீட்டில் நெடுந்தூரம் பறப்பவரின் பங்கு சுருங்கியது.

பயணிக்குச் சட்டப் பாதுகாப்பும் மிகக் குறைவு. அமெரிக்காவின் நோர்த்வெஸ்ட் நிறுவனம், அடிக்கடி முறைப்பாடு செய்தார் என யூத மதகுரு ஒருவரின் அங்கத்துவத்தை 2008இல் இரத்துச் செய்தது. நிறுவனம் நல்லெண்ணத்துடன் நடக்கவில்லையென அவர் தொடுத்த வழக்கில், அவ்வகைக் கோரிக்கைக்கு 1978ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்காதென அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2014இல் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. நிறுவனமே மூழ்கிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். 2004இல் தனது முதலாவது சர்வதேச சேவையைச் சென்னையிலிருந்து கொழும்புக்கு ஆரம்பித்த இந்தியாவின் ஜெட் எயார்வேஸ், 2019 ஏப்ரலிற் பறப்பதை நிறுத்தியது. அதன் மைல் திட்டம் தனி நிறுவனமாக இருந்தமையால் வேறு பெயரில் நீடித்தபோதிலும், அந்த மைல்களுக்கு ஜெட் விமானத்தில் அமர ஆசனமிருக்கவில்லை.

பொதுப்பணத்தின் மைல் யாருடையது?

செலுத்துபவர் ஒருவர், அனுபவிப்பவர் வேறொருவர் என்ற முரண்பாடு மிகக் கூர்மையாக வெளிப்படுவது அரசாங்கச் செலவிலான பயணங்களிலேயாகும். 2002 ஜூலையில் ஜேர்மனியில் இது பெரும் அரசியற் புயலாக எழுந்தது. பாராளுமன்றக் கடமைக்கான பயணங்களிற் சேர்ந்த மைல்களைச் சில உறுப்பினர்கள் சொந்தப் பயணங்களுக்குப் பயன்படுத்தியமை அம்பலமானது. கடமையிற் சேர்ந்தவை கடமைக்கே செலவிடப்பட வேண்டும் என்பது அப்பாராளுமன்றத்தின் விதி. இடதுசாரித் தலைவர் கிரெகோர் கீசி, பேர்லின் மாநிலப் பொருளாதார அமைச்சர் பதவியை இதன் காரணமாகத் துறந்தார். அமெரிக்காவோ 2001 டிசம்பரில் நேரெதிர் முடிவை எடுத்தது. கடமைப் பயணங்களிற் சேரும் மைல்களை மத்திய அரசாங்க ஊழியர் தமக்கே வைத்துக்கொள்ளலாமெனச் சட்டம் அனுமதித்தது.

இவ்விரு வழிகளில் எது சரியானது என்பதில் வாதங்கள் உண்டு. ஆனால், அவ்விரு நாடுகளும் அதனை ஒரு பொதுக் கேள்வியாக ஏற்று, வெளிப்படையான விதியொன்றை வகுத்தன. 2022இல் அந்நியச் செலாவணி இல்லாது எரிபொருளுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்ற நாடு நமது நாடு. அமைச்சர்களும் உயரதிகாரிகளும் மக்கள் பணத்திற் பறக்கும்போது சேரும் மைல்களைக் கொண்டு, அடுத்த உத்தியோகபூர்வப் பயணத்தின் செலவைக் குறைக்க முடியாதா எனக் கேட்பதற்கு வரி செலுத்துவோருக்கு முழு உரிமையும் உண்டு.

மறுமுனையில், நாட்டுக்கு அந்த அந்நியச் செலாவணியை ஈட்டித்தரும் தொழிலாளர் உள்ளனர். குவைத்திலும் சவூதி அரேபியாவிலும் கட்டாரிலும் உழைத்து இரண்டு வருடங்களுக்கொருமுறை வீடு திரும்பும் சகோதரிகளும் சகோதரர்களும் எத்தனையோ ஆயிரம் மைல்கள் பறக்கின்றனர். அவர்களுட் பலர் எந்தத் திட்டத்திலும் அங்கத்தவராக இல்லை. பயணச்சீட்டை வாங்கியவர் தொழில்தருநராகவோ முகவராகவோ இருந்தாலும், மைல்களுக்கு உரித்துடையவர் பொதுவாகப் பயணம் செய்தவரே. அங்கத்துவம் இலவசம். அங்கத்தவரின் விடுபட்ட பயணங்களைக் குறித்த கால எல்லைக்குள் கோரிப் பெறுவதற்கும் பல நிறுவனங்கள் இடமளிக்கின்றன. ஏறும்போது தரப்படும் ஆசனச் சீட்டின் துண்டைப் பத்திரப்படுத்தினால் போதும். மலிவுச் சீட்டுக்குக் கிடைப்பது சொற்பமே. சில வகைச் சீட்டுகளுக்கு எதுவுமே கிடைப்பதில்லை. ஆயினும், பல நிறுவனங்களில் குடும்பத்தவர் தமது மைல்களை ஒன்றுசேர்க்கவும் வழியுண்டு. சிறுகச் சேர்ந்தவை முதிய பெற்றோர் ஒருவரின் நீண்ட பயணத்தில் என்றாவது உதவக்கூடும். காலாவதியாகும் திகதியை அறிந்து, அதற்கு முன் பயன்படுத்துவது அவசியம்.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் புறப்படுவோருக்கு நடத்தும் பயிற்சிகளில் இதற்குப் பத்து நிமிடங்கள் ஒதுக்கப்படுமாயின், அது சிறிய விடயமாகத் தோன்றினாலும் நியாயமான விடயமாக இருக்கும். உழைப்பவரின் தூரம் உழைப்பவரின் கணக்கிலும், மக்கள் பணத்தின் தூரம் மக்கள் கணக்கிலும் சேர வேண்டும். அவ்வாறு சேர்ந்த பின்னர் எவர் முன்வரிசையில் அமர்ந்தாலும் அதனையிட்டு எவரும் மனங்கோணப் போவதில்லை.