பருத்த தேகம் யார் குற்றம்?

உடல் பருத்தவரைக் கண்டமாத்திரத்தில் வாயைக் கட்டத் தெரியாதவர் என்று தீர்ப்பளித்துவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அவ்வாறு பழிக்கப்பட்டவரோ, தம் வம்சமே அப்படித்தான் என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்கிறார். இவ்விரண்டு அபிப்பிராயங்களும் பாதி உண்மைகளே என்பதைப் பீமா என்னும் அமெரிக்க ஆதிகுடிகளின் சரித்திரத்தில் காணலாம்.

அரிஸோனாவில் வாழும் பீமாக்கள், கீலா நதியின் நீரைப் பாய்ச்சி மக்காச்சோளமும் அவரையும் விளைவித்து உண்டு வந்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மேல்மடையில் குடியேறிய வெள்ளையர்கள் அந்நதியைத் தங்கள் நிலங்களுக்குத் திருப்பிக்கொள்ளவே, இவர்களுடைய வயல்கள் காய்ந்தன. காலக்கிரமத்தில், அரசாங்கம் அளந்து கொடுத்த வெள்ளை மாவும் சர்க்கரையும் பன்றிக் கொழுப்பும் நித்திய ஆகாரமாயின. மெக்ஸிகோ மலைக் கிராமமொன்றில் தங்கிவிட்ட இவர்களது பங்காளிகளோ பழையபடியே உழைத்துப் பிழைத்தார்கள். 1994-ல் வெளியான ஆய்வொன்றின்படி, அந்த மலைவாசிகள் அரிஸோனா உறவினரைவிடச் சராசரியாக 26 கிலோ எடை குறைந்திருந்தனர். 2006-ல் வெளியான மற்றோர் ஆய்வு, நீரிழிவு அரிஸோனாவில் நூற்றுக்கு 38 பேருக்கும், மலையில் 7-க்கும் குறைவானவர்களுக்கும் இருந்ததென்று தெரிவித்தது. நதியைப் பறிகொடுத்த ஜனங்களைப் பெருந்தீனிக்காரர் என்று தூற்றுவது எவ்வளவு பெரிய அநீதி!

பாரம்பரியத்தையும் அலட்சியம் செய்வதற்கில்லை. டென்மார்க்கில் ஸ்வீகாரம் கொடுக்கப்பட்ட 540 பேரை ஆராய்ந்து 1986-ல் வெளியிட்ட முடிவு, அவர்களுடைய தேகவாகு வளர்த்தவர்களை ஒத்திராமல் பெற்றவர்களையே ஒத்திருந்ததாகக் கூறுகிறது. பிறவியில் வந்த இயல்பு, அதற்கு இடங்கொடுக்கும் ஆகாரமும் உழைப்பின்மையும் சேரும்போது பருமனாக வெளிப்படுகிறதென்பதே என் துணிபு.

ஆகையால் பழிப்பதை விட்டு, அபாயத்தை அளந்தறிவதே நலம். இந்தியரான நம் நாட்டவருக்கு இடுப்புச் சுற்றளவு, ஆண்களாயின் 90 சென்டிமீட்டரையும் பெண்களாயின் 80 சென்டிமீட்டரையும் தாண்டினாலே நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் அபாயம் மிகுகிறது. காரணம் புலப்படாமல் எடை ஏறினால், தைராய்டு குறைவோ, உட்கொள்ளும் ஸ்டீராய்டு முதலிய மருந்துகளோ ஏதுவாயிருக்கலாம். ஆகவே வைத்தியரிடம் சோதித்தறிவது அவசியம், மருந்தைத் தாமாக நிறுத்துவது ஆபத்து.

பழிச்சொல்லால் நொந்தவர்களில் பலர், சில வாரங்களில் உடல் மெலியும் என்னும் லேகியத்துக்கும் பொடிக்கும் பணத்தைப் பறிகொடுக்கிறார்கள். 1954-ஆம் வருஷத்து மருந்துகள், மந்திர நிவாரணங்கள் சட்டம், குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக்கூடாதவற்றின் அட்டவணையில் உடற்பருமனையும் சேர்த்திருக்கிறது. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடந்தருகிறது. ஏமாந்தவர்கள் வெட்கத்தினால் வாய்மூடியிராமல், ரசீதையும் விளம்பரத்தையும் பத்திரப்படுத்திக்கொண்டு, 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நஷ்டஈடும் கோரலாம்.